சூப் என்று நான் சொன்ன கீரை

அக்காவின் மூச்சு அடங்கிய அன்று, ஜெர்மனியின் ஹம் நகரத்து வீட்டில் கட்டிலருகே இருந்தவர்கள் நால்வர்: அத்தான், அக்காவின் மகள், தங்கையாகிய நான், முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் அக்காவோடு வேலை செய்த நைஜீரியப் பெண் ஃபுன்கே.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நன்றி மடலில் இதை எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

அக்கா மன்னாரில் பிறந்தார். இடம்பெயர்ந்து ஜெர்மனிக்கு வந்து, மற்றவர்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்தே எங்களை எல்லாம் ஆளாக்கினார். ஒருவரையும் கடிந்து பேசியதில்லை. இருதய நோய் வந்தபின், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தார். சோறு இறங்கவில்லை, இரத்தமும் குறைந்துபோனது. அப்போதுதான் ஃபுன்கே தன் யொரூபா வீட்டுச் சமையலான எஃபோ ரிரோவைக் கொண்டுவந்தார். கீரை, சிவப்பு மிளகாய், காய்ந்த மீன், சிவப்புப் பாம் எண்ணெய்.

"உது எங்கடை கீரைக்கறிதானடி, உறைப்புத்தான் கொஞ்சம் கூட" என்று அக்கா கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

"டொக்டரைக் கேக்காமல் சாப்பிடாதேங்கோ அக்கா" என்றேன்.

"உனக்குத் தண்ணி குடிக்கவும் டொக்டரிட்டை நேரம் குறிச்சு டெர்மின் எடுக்கவேணும்."

நானே போய்க் கேட்டேன். ஃபுன்கே சொல்வதுபோல 'சூப்' என்றேன். வைத்தியர் தெளிந்த சூப்பை நினைத்து, தாராளமாகக் குடிக்கலாம் என்றார். அகப்பை நட்டால் நிற்கும் கீரை என்று நான் சொல்லவில்லை. மாத்திரை சரியாக வேலை செய்யவில்லை என்று அடுத்த இரத்தச் சோதனையில் தெரிந்தது. பதறிப்போய்ச் சட்டியைப் படமெடுத்துக் காட்டினேன். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்றார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. கீரையில் சத்துண்டு, வயிற்றுக்கும் நல்லது, கிழமைதோறும் ஒரே அளவு சாப்பிடட்டும், மாத்திரையை அதற்கேற்ப மாற்றித் தருகிறேன் என்றார்.

அன்றிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள், இரண்டு அகப்பை. சோதனைகள் சரியாகவே வந்தன. அக்காவின் முகம் தெளிந்தது. தானே படியிறங்கித் தேவாலயத்துப் பூசைக்குப் போனார். ஆனாலும் அக்கா எங்களுக்கு நிலைக்கவில்லை.

செத்தவீட்டில் ஒருவர், "உந்தக் கீரைதான் ஆளைக் கொண்டுபோட்டுது" என்றார். யாரென்று எழுதமாட்டேன். என்ன சொல்கிறார்கள் என்று ஃபுன்கே கேட்க, அக்காவின் மகள் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அதன்பின் ஃபுன்கே எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

எனக்கும் மனம் கேட்கவில்லை, வைத்தியரிடம் மறுபடி போனேன். இருதயம் களைத்துப்போனதுதான் காரணம், கீரை அல்ல என்று உறுதியாகச் சொன்னார். பிழை என் வாயில் வந்த ஒரு சொல்லில்தான். அதுவும் அப்போதே திருத்தப்பட்டது.

துயரத்தில் கூட நின்ற உறவுகளுக்கும், சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், பூசை ஒப்புக்கொடுத்த பங்குச் சுவாமிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஃபுன்கேவின் வீட்டுக்கு நானே போய்க் கூப்பிட்டேன். இன்று முப்பத்தோராம் நாள் பூசை முடிய, மண்டபத்தில் நடக்கும் மத்தியானச் சாப்பாட்டில் அவர் சமைத்த கீரையும் இருக்கும். அவரும் அங்கே இருப்பார். அவர் பார்க்கச் சாப்பிடுங்கோ.