பாடம் சொல்லித் தருகிறேன்

போன வருடம், ஆடிப் பௌர்ணமிக்கு இரண்டாம் நாள். கிரிவலக் கூட்டம் கலைந்து செங்கம் சாலை ஓய்ந்திருந்த காலை நேரம். பால் வாங்கிக்கொண்டு திரும்பினால், எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ. உள்ளே பெட்டி, பைகளுடன் எங்கள் மாடியறையில் குடியிருந்த வெளிநாட்டு அம்மையார். அறுபது வயதுக்காரர், தனியாக வந்தவர், எங்களிடம் பிரியமாகப் பழகியவர். அன்று என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இன்னா சார், வீட்ல தகராறா? சீக்கிரம் எடு, சீக்கிரம் எடுன்றாங்க" என்றார் ஆட்டோக்காரர்.

கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, என்ன ஆயிற்று என்று அம்மையாரிடம் கேட்டேன். கைபேசியை நீட்டினார். முந்தின இரவு என் மனைவி ஆங்கிலத்தில் அனுப்பிய செய்தி. குழாயை மூடாமல் விட்டுவிட்டீர்கள், டாங்க் காலி; காலையில் கீழே வாருங்கள் என்று எழுதி, கடைசியில் 'ஐ வில் டீச் யூ எ லெசன்' என்று முடித்திருந்தாள்.

சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பாடம் சொல்லித் தருகிறேன்'தான். ஆங்கிலத்தில் அதைச் சொல்வதோ, 'உன்னை என்ன செய்கிறேன் பார்' என்று மிரட்டுவதற்கு.

அதற்குள் மனைவி வெளியே வந்தாள், கையில் புது அரிச்சுவடியுடன்.

"எங்கங்க கிளம்பிட்டாங்க? தமிழ் சொல்லிக் குடுன்னு ஒரு வாரமா அவங்கதானே கேட்டாங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "பாடம்னா லெசன்தானே? வேற இன்னான்னு எழுதறது?"

"நல்ல வேளைக்கா, கைல புக்கு இருக்குது. கரண்டியோட வந்திருந்தா நானே வண்டிய எடுத்துட்டு ஓடியிருப்பேன்" என்றார் ஆட்டோக்காரர்.

அம்மையாருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். நம்பாமல் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அரிச்சுவடியை வாங்கிப் புரட்டினார். முதல் பக்கத்து அணிலைப் பார்த்ததும் நீளமாக ஒரு மூச்சு விட்டு, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். இரவெல்லாம் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாராம். பெட்டியை ஆட்டோக்காரரே மாடிக்குத் தூக்கிச் சென்றார்.

இன்றும் யாராவது என்னிடம் கடுமையாக ஏதாவது சொல்லிவிட்டால், மாடியில் ஒருவர் பயத்தில் விழித்திருக்க, கீழே ஒருத்தி எந்த எழுத்தில் தொடங்கலாம் என்று ஆசையாக யோசித்தபடி தூங்காமல் கிடந்த அந்த இரவை நினைத்து, என்ன சொல்ல வந்தீர்கள் என்று இன்னொரு முறை கேட்டுவிடுகிறேன்.