எஞ்சின் அறைக்கு வந்த குரல்

சேதி வந்தபோது என் இரண்டு கையிலும் கிரீஸ். புவனகிரிக்காரர் ஒருவர் கொண்டுவந்த டீசல் பம்ப்செட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சிதம்பரத்தில் என் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. பம்ப்செட்டுக்காரர்தான் அதை எடுத்து என் காதில் வைத்துப் பிடித்தார். பேசியது ஜமால் பாய். பரங்கிப்பேட்டைக்காரர், எங்கள் இழுவைப்படகில் மேல்தளத்தில் கயிறு பார்த்தவர்.

"மச்சான், கேப்டன் போயிட்டாரு."

"எங்க போயிட்டாரு? மெட்ராசுக்கா?" என்றேன் நான்.

பாய் அழுவது கேட்டது. அவர் அழுது நான் கேட்டதே இல்லை. பிறகு, "காலைல டீ குடிச்சிட்டு பேப்பர் பாத்துட்டு இருந்தாராம். அவரு வீட்டு அக்கா டம்ளர் எடுக்க வந்தப்ப தலை சாஞ்சு கெடந்துச்சாம். அவ்ளோதான் மச்சான்" என்றார். பம்ப்செட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என்னைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

கடலூர் முதுநகரில் அடக்கம் முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் சிலர் பேசினார்கள். கேப்டன் சவரிமுத்துவை ஒருவர் "கடலின் மைந்தன்" என்றார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அவருக்குக் கடலில் கால் நனைக்கக்கூடப் பிடிக்காது ஐயா! உப்பு பிசுபிசுக்கும் என்பார். இன்னொருவர் "அலைகளை அடக்கியவர்" என்றார். நான் எழுந்திருக்கப் போனேன். பாய் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "கத்தாத மச்சான். எழுதிக் குடு. நம்ம படகு ஆளுங்க எல்லாரும் படிக்கட்டும்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். எஞ்சின்காரன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே ஒரு கடற்படைத் துறைமுகத்தில் நாங்கள் வேலை பார்த்தோம். போர்க்கப்பல் கடலில் எவ்வளவு வேகம் போனாலும் துறைமுகத்துக்குள் வந்துவிட்டால் பிறர் கைத்தாங்கலில்தான் நகர வேண்டும். இழுவைப்படகுகள் தள்ளியும் இழுத்தும் அதைக் கரைச்சுவரோடு கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தப் படகுகள் அத்தனைக்கும் மேற்பார்வைக் கேப்டன் சவரிமுத்து. எந்தக் கப்பலுக்கு எந்தப் படகு, யார் ஓட்டுவது என்று அலுவலகத்தில் உட்கார்ந்து சொன்னாலே போதும். ஆனால் காற்று எழுந்தால் அவரை நாற்காலியில் பார்க்க முடியாது. ஏதாவது ஒரு படகில் ஏறி நின்றுகொண்டிருப்பார். பெரும்பாலும் எங்கள் படகில்.

மேலே நின்ற நீங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தவர்கள். நான் அவரைக் கேட்டவன். எஞ்சின் அறையில் ஜன்னல் கிடையாது. மேலே கப்பல் இருக்கிறதா, மலை இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. இரண்டு எஞ்சின்கள், எண்ணெய் நாற்றம், காதை மூடிய ஹெட்போன். அதற்குள் அவர் குரல். மற்றவர்களிடம் இங்கிலீஷிலும் இந்தியிலும் உத்தரவு போடுகிறவர் என்னிடம் மட்டும் தமிழில் சொல்வார். "ரெண்டும் பின்னால, மெதுவா, கலியபெருமாள்." உத்தரவின் முடிவில் என் பேர் இருக்கும். கப்பலைக் கட்டி முடித்ததும், "முடிஞ்சுது. நன்றி, கலியபெருமாள்" என்பார். ஒரு கப்பலுக்குக்கூட அந்த நன்றி தவறியதில்லை. தளம் கழுவ வருகிறவனைக்கூட 'வாங்க, போங்க' என்று சொன்ன மனிதர் அவர்.

நான் நாள் முழுக்கக் கத்துகிறவன். எஞ்சினோடு கத்துவேன், ஸ்பேர் பார்ட்ஸ் தராத ஸ்டோரோடு கத்துவேன், பாயோடு சும்மாவே கத்துவேன். ஒருநாள் கேப்டன் கீழே எட்டிப் பார்த்து, "கத்தறதுக்குத்தான் எஞ்சின் இருக்குதே. நமக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். பாய் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் என் மானத்தை வாங்கினார்.

அவருடைய கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்தது என் டீ கிளாஸை வைத்து. மற்ற கேப்டன்கள் ஓட்டும்போது படகு கப்பலில் போய் முட்டினால் கிளாஸ் உருண்டு ஓடிவிடும். இவர் ஓட்டினால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். "கேப்டன், இன்னும் தொடலியா?" என்று கேட்பேன். "தொட்டு நேரமாச்சே, தள்ளிக்கிட்டு இருக்கோம்" என்பார். எனக்கு மயிர்க்கூச்செறியும். மேலே எத்தனை ஆயிரம் டன் நகர்ந்துகொண்டிருக்கும்! கீழே என் டீ தளும்பாது.

ஒரு மார்கழியில் இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது. சிதம்பரத்தில் தேர் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டேன். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், வருவாரோ மாட்டாரோ என்று நினைத்தேன். கடலூரிலிருந்து காலை முதல் பஸ்ஸுக்கே வந்து இறங்கிவிட்டார். வீதி கொள்ளாத கூட்டம். எல்லாரும் சாமியைப் பார்க்க, வடம் பிடிக்க முண்டியடிக்கிறார்கள். இவர் மட்டும் குனிந்து குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கூட நடந்தார். சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களைத்தான் பார்த்திருக்கிறார்.

"இழுக்கறதுக்கு ஊரே இருக்குது, கலியபெருமாள். நிறுத்தறவங்க கொஞ்சம் பேருதான். அவுங்க கையைப் பாருங்க" என்றார்.

வீதி முனையில் தேர் திரும்பும்போது கட்டை போட்டவர் ஒருவர் சக்கரம் விரலைத் தொடுகிற தூரத்தில் கையை எடுத்தார். கேப்டன் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. என் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுகூட அந்த ஆளைப் பற்றியேதான் பேச்சு. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று என் மனைவி தவித்தது அவர் காதில் விழவே இல்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். ஆனால் கீழே நடந்தது உங்களுக்குத் தெரியாது.

எங்கள் வலது பக்க எஞ்சினில் தண்ணீர் பம்ப் பலவீனமாக இருந்தது. மாற்றுப் பம்ப்புக்குச் சொல்லியாயிற்று, வரவில்லை. காலையிலேயே கேப்டனிடம், "வலது பக்கத்தைப் பாதிக்கு மேல ஓட்டாதீங்க, சூடாயி கட்டிக்கிட்டு நின்னுடும்" என்று சொல்லியிருந்தேன். "சரி" என்றார். எஞ்சின் எரிந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டால் யாரையும் கேட்காமல் நிறுத்திவிட எனக்கு உரிமை உண்டு. விதி அப்படி. நிறுத்தாமல் எரிய விட்டால் வேலை போகும். பெண்ணை அப்போதுதான் காலேஜில் சேர்த்திருந்தேன்.

பகல் நேரம், பலமான காற்று. ஒரு போர்க்கப்பலைச் சுவரோடு அணைத்துக்கொண்டிருந்தோம். எல்லாம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஹெட்போனில், "ரெண்டும் பின்னால, முழுசா, கலியபெருமாள்" என்றார்.

வழக்கமான அதே குரல். டீ வேண்டும் என்று கேட்கிற மாதிரி.

கொடுத்தேன். படகு கயிற்றில் தொங்கி நடுங்கியது. அவ்வளவு நடுக்கம் அவர் படகில் நான் கண்டதில்லை, கிளாஸ் எங்கே போனது என்றே தெரியவில்லை. வலது பக்க முள் ஏற ஆரம்பித்தது. இப்போது நிறுத்துவார், இப்போது நிறுத்துவார் என்று பார்க்கிறேன். உத்தரவு வரவில்லை. முள் சிவப்பைத் தொட்டது. மணி அடித்தது.

"சிவப்பு, கேப்டன்!" என்று கத்தினேன்.

"தெரியும். நிறுத்தாதீங்க, கலியபெருமாள்."

என் கை நிறுத்தும் பிடிமேல் இருந்தது. மனசுக்குள் அவரைத் திட்டினேன் என்று சொன்னால் பொய்யில்லை. காலையில் படித்துப் படித்துச் சொன்னேனே! அப்புறம் தோன்றியது, இவர் சொன்னதை மறக்கிற ஆள் இல்லையே. அப்படியானால் தெரிந்தேதான் கேட்கிறார். மேலே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். கையை எடுத்துவிட்டேன். எடுத்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் வேட்டி கட்டுகிறவன் மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் அலறியது. பெயின்ட் கருகுகிற வாடை வந்தது. நான் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்ட எஞ்சின் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் குரல் மட்டும் நடுநடுவே வந்துகொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம், கலியபெருமாள்… இன்னும் கொஞ்சம்…"

பிறகு, "போதும். நிறுத்துங்க. நன்றி, கலியபெருமாள்."

நான் பிடியைத் தொடுவதற்குள் அதுவாகவே முக்கி, நின்றுவிட்டது.

மேலே ஏறி வந்தால் பாய் தளத்தில் உட்கார்ந்து பேயறைந்த மாதிரி இருக்கிறார். அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. கரையில் கப்பல் கயிறு பிடிக்கிற ஒப்பந்த ஆள் ஒருவன் வழுக்கி, கப்பலுக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீரில் விழுந்துவிட்டான். காற்று கப்பலைச் சுவர்ப் பக்கமே தள்ளுகிறது. அவன் தலைக்கு இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் இரும்பு. வெளிப்பக்கம் எங்கள் படகு கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்ததால்தான் அந்த இடைவெளி மூடவில்லை. ஏணி இறக்கி, இடுப்பில் கயிறு கட்டி அவனைத் தூக்கும்வரை அது மூடவில்லை.

"ஒரு ஆளு அகலம்தான் மச்சான் இருந்துச்சு. அந்த அகலம் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. நான் கண்ண மூடிக்கிட்டேன். அவரு கண்ண சிமிட்டவே இல்ல" என்றார் பாய்.

நான் கரைக்குப் போவதற்குள் அந்த ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கால் முறிந்திருந்ததாம். பிழைத்து, அப்படியே தன் ஊருக்குப் போய்விட்டான். எந்த ஊர், என்ன பேர், எனக்குத் தெரியாது. அவன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

எஞ்சின் போனதற்கு விசாரணை வந்தது. சிவப்புக்கு மேல் ஓட்டியது யார் என்று என்னைக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கேப்டன் எழுந்து, "பழுது இருக்குன்னு காலைலயே இவரு எங்கிட்ட சொல்லிட்டாரு. ஓட்டுனது என் உத்தரவு. இவருக்கு இதுல ஒண்ணுமில்ல" என்று இங்கிலீஷில் சொன்னார். கேட்டவர்களும் நல்லவர்கள்தான், யாரும் அவரைக் கடிந்து பேசவில்லை. ஆனால் ஓய்வு வயது வந்தபோது அவருக்கு வரும் என்று எல்லாரும் நினைத்த பணி நீட்டிப்பு வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் கொதித்தேன். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "கடலூர்ல மீன் நல்லா இருக்கும்" என்றார்.

நானும் சீக்கிரமே ஊர் திரும்பிப் பட்டறை வைத்தேன். மாதம் ஒருமுறையாவது முதுநகர் போய்விடுவேன். அவர் மனைவி ரோஸ்லின் அக்கா சங்கரா மீன் குழம்பு வைப்பார். "நீங்கள்லாம் அங்க எப்புடித்தான் இவரு சொல்றத கேட்டீங்களோ தம்பி! மிக்ஸி ஓடுறப்பகூட மெதுவாத்தான் பேசுறாரு. எனக்கு ஒரு எழவும் காதுல வுழறதில்ல" என்பார். கேப்டன் சிரித்துக்கொண்டே முள்ளை ஒதுக்குவார்.

போன வருஷக் கடைசியில் புயல் அடித்து ஓய்ந்த பிறகு அவரைப் பார்க்கப் போனேன். வழி நெடுக மரங்கள் விழுந்து கிடந்தன. வீட்டு ஓடுகள் பறந்திருந்தன, அவர் நன்றாக இருந்தார். பழைய துறைமுகத்துப் பக்கம் நடந்தோம். படகுக்காரர்கள் கரையேறிக் கவிழ்ந்த படகுகளை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"அன்னிக்கு ஏன்னு நீங்க கேக்கவே இல்லியே, கலியபெருமாள்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் முடிஞ்சிருப்பான்."

அவரே மேலும் சொன்னார். "கப்பல நிறுத்துனது நான்னு எல்லாரும் சொல்றாங்க. நான் வாயால சொன்னேன், அவ்ளோதான். எனக்கு மேல எல்லாம் தெரிஞ்சுது. உங்களுக்கு ஒண்ணும் தெரியல. தெரியாமலே கைய எடுத்தீங்க பாருங்க! எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்குமான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அந்த உசுருல பாதி உங்களுது. பாதிதான் எனக்கு."

என் வாழ்க்கையில் எனக்கு யாரும் இப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை. அங்கேயே, அத்தனை பேர் நடுவில், தேம்பித் தேம்பி அழுதேன். அவர் பக்கத்தில் நின்று படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவரைப் பார்க்கப் போனபோதெல்லாம் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

கேப்டனிடமிருந்து எனக்கு என்று எந்தப் பொருளும் இல்லை. அக்கா அவருடைய தொப்பியை எடுத்துக்கொள்ளச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன், அவர் மகனிடமே இருக்கட்டும். நான் வைத்துக்கொள்வது வேறு. எங்கேயோ ஓர் ஊரில் ஒருவன் இன்றைக்கும் ஒரு காலை லேசாக இழுத்து நடந்துகொண்டிருப்பான். சோறு தின்பான், பெண்டாட்டியோடு சண்டை போடுவான், பிள்ளையைத் தூக்கித் தோளில் வைப்பான். கேப்டனையும் தெரியாது, என்னையும் தெரியாது. இதுவரை அவனை நாங்கள் இரண்டு பேர் நினைத்துக்கொண்டிருந்தோம். இனிமேல் கேப்டனுடைய பாதியையும் சேர்த்து நான்தான் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.