ரோசிக்கு அவரைத் தோல் கொடுப்பேன்

யுத்தம் வந்ததிலிருந்து பிண்ணாக்கு கண்ணில் படுவதில்லை. அதனால் அவரைக்காய் காலத்தில் எங்கள் ஜீவனஹள்ளியில் வீட்டுக்கு வீடு உரித்துப் போடும் தோலையும் புழு விழுந்த கொட்டைகளையும் என் பசு ரோசிக்குக் கூடை கூடையாக வாங்கி வந்தேன். ஒரு ஞாயிறு, பூசைக்குப் போகும் அவசரத்தில், வெறும் வயிற்றோடு நின்றவள் முன்னால் அத்தனையையும் கொட்டிவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தால், அவளுடைய இடது வயிறு மத்தளமாக உப்பி, மூச்சு இரைத்தது. பக்கத்து வீட்டுப் பால்காரர் முனியப்பா மூங்கில் குழாயில் கடலை எண்ணெய் புகட்டினார். இருவரும் அவளை நடக்கவிட்டோம். அவள் பெரிதாக ஏப்பம் விட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

"அவரை பேடம்மா, வேண்டாம்னு அப்பவே சொன்னேனே! இனிமே வைக்கோல் மட்டும் போடு" என்றார் முனியப்பா. தெருவே அதைத்தான் சொன்னது; மறுபடி அவரை போட்டால் ரோசி பிழைக்கமாட்டாள் என்றது.

"அவரை என்னண்ணா பண்ணிச்சு? பசியில நின்ன மாட்டுக்கு மொத்தமா கொட்டினது என் கைதானே! கொடுக்கத்தான் போறேன்" என்றேன்.

இப்போது முதலில் ராகி வைக்கோல். அது தின்றான பிறகு, நிழலில் வாடவிட்ட தோல் ஒரே ஒரு கூடை, அதுவும் நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பால் முன்னைவிடக் கூடியிருக்கிறது. ரோசி பிழைக்கமாட்டாள் என்றவர்கள் தாராளமாக வந்து பார்க்கலாம். வெறுங்கையோடு மட்டும் வர வேண்டாம். வீட்டில் உரித்த அவரைத் தோலைக் கொண்டு வரட்டும்.