மைக் டெஸ்டிங்குக்குக் கைதட்டல்

நண்பர்களே, நான் இயற்றிய புதிய உருப்படி இன்று மாட்டுங்கா சபாவில் அரங்கேறியது.

பகலில் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்பவன் நான். மிச்ச நேரத்தில், ஆராய்ச்சிக்காகத் தாராவிப் பட்டறைகளின் சுத்தியல் ஓசையையும் விக்ரோலி ஆலைச் சங்கையும் ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்திருக்கிறேன். இன்று அந்தச் சங்கையே சுருதியாக ஓடவிட்டு, சுத்தியலோடு சேர்ந்து வீணை வாசித்தேன்.

சங்கு ஊதியதுமே பாதிப் பேர் காபிக்கு எழுந்து போனார்கள். சபா என்பதற்குப் பதில் காபி கிளப் என்றே பலகை மாட்டலாம்.

காரியதரிசி மாமா மேடையேறி டேப்பை அணைத்தார். மைக்கைத் தட்டினார்.

"ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ!"

கைதட்டலில் அரங்கமே அதிர்ந்தது.

"சரியாயிடுத்துடா அம்பி. எல்லாரும் காத்துண்டிருக்கா, கச்சேரிய ஆரம்பி."

"மாமா, இவ்வளவு நேரம் நடந்ததுதான் கச்சேரி."

"அப்படியா? ஆம்ப்ளிஃபயரே போயிடுத்துன்னுன்னா நெனச்சேன்!"

நன்றியுரையில் என் பெயரும் வந்தது, மைக்செட்டைப் பழுது பார்த்தவனாக.

அடுத்த தடவை 'ஒன் டூ த்ரீ'யையே கல்யாணியில் பாடிவிடப் போகிறேன். இந்த ரசிகர்களுக்கு அது போதும்.

மூன்று எண்ணிக்கைக்கு ரூபக தாளமா, திஸ்ர நடையா? யோசித்துச் சொல்லுங்கள்.