அம்புக்குறி ஒட்டிய தர்மம்

எங்கள் முதலாளியம்மா லண்டனுக்குப் போய்வந்த நாளிலிருந்து தர்மக்கடைப் பேச்சுதான். அந்த ஊரில் வேண்டாத துணியைக் கொடுத்துவிடுவார்களாம். அதை ஒரு கடையில் விற்று, வரும் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்களாம். ரொம்பக் காலமாக உள்ள வழக்கமாம். வசதியானவர்களும் ஆசையாகப் போய்த் துழாவி எடுப்பார்களாம். அங்கே தொங்கும் பனியனில் பாதி நாங்கள் தைத்ததாக இருக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

கம்பெனியின் காலி குடோன் கடையானது. அவருடைய சொந்தக்காரர்கள் வீடுகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் துணி வந்தது. தரம் பிரிக்க, செக்கிங்கில் இருந்த என்னையும் திருநெல்வேலிப் பக்கத்துக் கூட்டாளி ஒருத்தியையும் அனுப்பினார்கள். செக்கிங்கில் ஓட்டையோ கறையோ கண்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். கை சும்மா இருக்குமா? இங்கேயும் ஒட்டினோம். அக்குளில் வேர்வைக் கறை, பல் போன ஜிப், சாம்பார் சிந்திய சுடிதார். ஒரு சட்டையில் ஒட்ட இடமே போதவில்லை. இதைக் கொடுத்ததற்கும் புண்ணியம் கேட்பார்கள்.

"எக்கா, இத வச்சுத் தரையத் தொடச்சா தரை கோவிச்சுக்கிடும்" என்றாள் கூட்டாளி.

கடைசி மூட்டையின் அடியில் ஒரு நீல ஸ்வெட்டர். ஒரு குறையும் இல்லை. என் மகள் ஊட்டியில் நர்சிங் சேரப்போகிற சமயம். புது ஸ்வெட்டர் வாங்க வழியில்லாமல் இருந்தேன். எனக்காக எடுத்து வையுங்கள் என்று கேட்க வாய் வராது. திறப்பன்று முதல் ஆளாக நின்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கூட்டாளி அதன் முழங்கையில் ஒரு அம்புக்குறியை ஒட்டினாள்.

"ஓட்டையே இல்லையே!"

"இருக்கட்டும்க்கா. நல்லதா இருந்தா இங்க நிக்காது."

திறப்பு விழாவில், அவரவர் துணியில் அம்புக்குறிகளைப் பார்த்த சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். முதலாளியம்மா நேராக ஸ்வெட்டரிடம் வந்து அதைக் கையில் எடுத்தார்.

"ஏனுங்கக்கா, இது எம் பொண்ணோடதாச்சே! தெரியாம மூட்டைல வந்துருச்சாட்ட இருக்குது." மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் சிவப்பு ஸ்டிக்கர் அவர் கண்ணில் பட்டது. "அட, டேமேஜுங்களா?"

"ஆமாம்மா, முழங்கையில" என்றாள் கூட்டாளி.

அவர் முழங்கையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் தூக்கி மறுபடி மாட்டினார். "அப்பக் கெடக்கட்டும். இல்லாதவங்களுக்கு ஆகுமில்லீங்க."

முதல் ஆளாக வாங்கினேன். வீட்டில் மகள் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஸ்டிக்கரை உரித்தபடி கேட்டாள்: "டேமேஜு எங்கம்மா?"

"ஸ்வெட்டர்ல இல்ல கண்ணு" என்றேன்.