தும்மலும் வேட்டைக் கொம்பும்

என் கழுத்தில் தாலி ஏறியபோது மேளம் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம். நாதஸ்வரமும் தவிலும் கசெற்றில்தான். ஐயர் "கெட்டிமேளம்" என்று கையை உயர்த்தவும் நாடா சிக்கிக்கொண்டது. அந்த அமைதிக்குள் எனக்குப் பின்னால் யாரோ மண்டபம் முழுக்கக் கேட்கும்படி தும்மினார்கள்.

அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தானே கெட்டிமேளம்! தும்மலோடு தொடங்கிய கலியாணம் உருப்படுமா என்று எனக்கு ஒரே பயம். என் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். அன்று பின்னால் விளக்கோடு நின்றவர் மச்சாள், என் கணவரின் அக்கா. சந்தேகம் முழுக்க அவர்மேல்தான். அதன்பிறகு அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் கணவரோ எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார், அத்தோடு சரி. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மிசிசாகாவில் அவரோடு வேலை செய்த யாரோ கொடுத்த ரிக்கற்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன்ரவுனில் ஒரு மியூசியத்துக்குப் போனோம். குளிருக்கு ஒதுங்க இடம் கிடைக்கிறதே என்றுதான் நான் சம்மதித்தேன்.

பழைய வாத்தியங்கள் இருந்த அறையில், கண்ணாடிக்குள் ஒரு பித்தளைக் கொம்பு. பிரெஞ்சு ராசாக்கள் காலத்தில் வேட்டைக்குப் போனவர்கள் ஊதியது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைச் சுருட்டி வைத்ததுபோல இருந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு குதிரையில் போவார்களாம். அதை யாரும் தொடக்கூடாது. பக்கத்தில் அதே மாதிரிப் புதிதாகச் செய்த கொம்போடு ஒரு வெள்ளைக்காரர் நின்றார். ஊதிக் காட்டுகிறேன் என்றவர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். இது என்ன மரியாதை என்று எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கொம்பின் வாய் பின்பக்கம் பார்த்திருந்தது பிறகுதான் கண்ணில் பட்டது.

ஊதினார் பாருங்கள், கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் அதிர்ந்தன. என் வாய் சும்மா இருக்குமா?

"உது அண்டைக்கு எங்கட ஹோலில இருந்திருந்தா, அந்தத் தும்மல் ஆருக்குக் கேட்டிருக்கும்?"

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு நேரே அந்த மனிதரிடம் போய் ஆங்கிலத்தில் ஏதோ பேசினார். அவரிடம் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று நான் வாயைப் பிளந்தேன். வெள்ளைக்காரர் சிரித்துத் தலையாட்டி, மறுபடி முதுகைக் காட்டினார். தாலி கட்டும்போது நின்றதுபோலவே கணவர் என் பின்னால் வந்து நின்றார்.

"கழுத்தில சுத்தின ஸ்காஃபைக் கொஞ்சம் விலத்தும்."

கொம்பு முழங்கியது. குளிர்ந்த விரல்கள் என் கழுத்தில் பட்டன. தாலிக்கொடியைப் பூட்டும் திருகாணியான சுரையைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கித் திருகினார். முழுதாகக் கழற்ற அவருக்கும் பயம். மணவறையில் போலவே தலையைக் குனிந்துகொண்டேன். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

கொம்பு ஓய்ந்தது. உடனே என் பிடரிக்குப் பின்னால் ஒரு தும்மல். அதே தும்மல்!

திரும்பினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு கள்ளன்போல நின்றார்.

"அண்டைக்கும் நீங்களோ?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் கோவிப்பீர்."

கோபமா? வயிறு நோகச் சிரித்தேன். அவரும் சிரித்தார், முன்பல் ஒன்று கொஞ்சம் தெற்றியிருப்பதை அன்றுதான் கண்டேன். தன் வாசிப்பில்தான் ஏதோ பிழை என்று நினைத்து அந்த வெள்ளைக்காரர் மன்னிப்புக் கேட்டார். பாவம்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சாள், அண்டைக்குத் தும்மினது உங்கட தம்பிதான்."

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார் மச்சாள். "சின்னனில இருந்தே சந்தோசம் கூடினா அவனுக்குத் தும்மல் வரும்."