உடையாத பப்படம்

வர்ம அடி பழக்கும் தொழிலில் கை மூளையிடம் அனுமதி கேட்டால் பாடம் வீண். யுத்த காலத்துத் திருகோணமலையிலோ கையை அசைப்பதற்குக்கூட யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஓர்ஸ் ஹில்லில் ஒரு ரியூசன் கொட்டிலில், மேசை வாங்குகளை ஓரம் தள்ளிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்கு வகுப்பு நடத்தினேன். எல்லோரும் தனியாக வேலைக்குப் போய் வருகிறவர்கள். என்னை மாஸ்டரக்கா என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைக்க மாட்டேன். யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்துவிட்டு, இவ்வளவு நன்றாகப் படித்துவிட்டார்களே என்று பிறகு பயந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இந்தக் கதைகள்.

தேத்தண்ணி

வர்மப் புள்ளிகளை மனப்பாடம் செய்து ஒரு பயனும் இல்லை. மரத்தூள் அடைத்த சாக்கில் கழுத்து, காதடி, முழங்கை மடிப்பு என்று ஒட்டுப்பொட்டு ஒட்டி வைப்பேன். முதலில் பார்த்து அடிக்க வேண்டும், பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு. அது சரிவந்ததும் ஒருத்தி பின்னால் வந்து சொல்லாமல் தொடுவாள். மற்றவளின் விரல் தானாகவே புள்ளிக்குப் போக வேண்டும். யோசித்தால் தோல்வி.

மாலினி ஒரு கந்தோரில் ரைப்பிஸ்ட். அவளுடைய விரல்கள் பார்க்காமலே இடம் கண்டுபிடிக்க ஏற்கெனவே பழகியவை. மற்றவர்களுக்கு ஒரு வருடம் எடுத்த வித்தை அவளுக்கு ஒரு மழைக்காலத்துக்குள் வந்துவிட்டது. ஒருநாள் குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தவளுக்கு அவள் புருஷன் குகன் ஆசையாகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து, பின்னால் நின்று தோளைத் தொட்டிருக்கிறார். தேத்தண்ணி சுவரில், கோப்பை நிலத்தில், குகனின் கை மரத்துப்போய்விட்டது. அடுத்த வகுப்புக்கு அவரே வந்தார். மனைவியை நிறுத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மாஸ்டரக்கா, நல்லாத்தான் பழக்கியிருக்கிறீங்கள். இனி நான் குசினி வாசலில நிண்டு செருமிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போவன்."

கிண்ணியாத் துறை

ஜரீனா கிண்ணியாவில் தையல் வேலை செய்கிறவள். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் கடந்துதான் வகுப்புக்கு வருவாள். துறையில் பெண்களைச் சோதிக்க ஒரு மறைப்பு உண்டு. உள்ளே கடற்படைப் பெண்கள், வெளியே மணல் மூட்டைக்குப் பின்னால் துவக்கோடு ஒருவர். அங்கே கை தூக்கி நின்றவர்களுக்குத் தெரியும், சோதிக்கிறவர்கள் சொல்லிவிட்டுத் தொடுவதில்லை.

குகனின் கதையைக் கேட்டு வகுப்பே சிரித்தது. நான்தான் ஆகக் கூடுதலாகச் சிரித்தேன். ஜரீனா மட்டும் சிரிக்கவில்லை.

"மாஸ்டரக்கா, மாலினிக்குப் பின்னால வந்தது புருஷன். நாளைக்குச் சோதிக்கிறவ வந்தா?"

காகங்களுக்குக் கொண்டாட்டம்

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பழக்கிய கை ஒருநாள் துறையில் நீண்டால், அடுத்த நிமிடம் வெடிச்சத்தம் கேட்கும். பழக்கியதை மறக்கவைக்கவும் வழியில்லை. ஆகவே போகிற கையைத் தானாகவே நிற்கவும் பழக்குவது என்று முடிவெடுத்தேன்.

பொரித்த பப்படத்தை நூலில் கட்டி, சாக்கிலுள்ள பொட்டுக்கு முன்னால் தொங்கவிட்டேன். விரல் முழு வேகத்தில் போக வேண்டும், பப்படம் நொறுங்கக் கூடாது. பிறகு அதையே ஆளின் கழுத்துக்கு முன்னால் பிடித்துப் பழகினோம். நிலமெல்லாம் நொறுக்கல். வகுப்புத் தொடங்க முன்பே காகங்கள் கூரையில் வந்து இருந்துவிடும். உடைத்தவள் தின்ன வேண்டும் என்பது சட்டம். ஜரீனாவுக்குச் சீக்கிரமே கை நின்றது. வேகம் கூடிய மாலினிக்குத்தான் ஒருநாள் உடையும், ஒருநாள் உடையாது. உடைந்தவற்றை நான் எண்ணிக்கொண்டே நிற்பேன். அவளோ வாய் நிறையப் பப்படத்தோடு சொன்னாள்:

"மாஸ்டரக்கா, வாற கிழமை கொஞ்சம் சோறும் பருப்பும் சேர்த்துக் கட்டித் தொங்கவிடுங்கோ."

மறைப்புக்குள்

ஜரீனாவின் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டு மாலினியும் நானும் கிண்ணியாவிலிருந்து திரும்பினோம். துறை மறைப்புக்குள் மாலினி முன்னால், நான் பின்னால். சோதித்த பெண் புதியவள். எல்லாம் முடிந்து மாலினி கையை இறக்கித் திரும்பிய பிறகு, கழுத்துச் சங்கிலியில் என்ன சந்தேகமோ, அந்தப் பெண் பின்னாலிருந்து மாலினியின் கழுத்தில் கை வைத்தாள்.

மாலினி சுழன்றாள். கை போய்விட்டது.

அந்தப் பெண்ணின் தொண்டைக் குழிக்கு முன்னால், ஒரு நெல்மணி இடைவெளியில், விரல் நின்றது. அவள் ஒரு கூச்சல் போட்டிருந்தால் போதும், வெளியே நின்றவர் உள்ளே வந்திருப்பார். அவள் கூச்சல் போடவில்லை. விரலைப் பார்த்தாள், பிறகு மாலினியைப் பார்த்தாள். மாலினியின் உதடு நடுங்கியது, விரல் நடுங்கவில்லை. அதைக் கண்டதும் பயத்தையும் மீறி எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஏன் அடிக்கல?" என்று சோதித்த பெண் தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டாள்.

"பப்படம் உடைஞ்சிடும்" என்றாள் மாலினி.

பப்படம் சிங்களத்திலும் பப்படம்தான். அந்தப் பெண் மாலினியின் பையை வாங்கித் திறந்தாள். கல்யாண வீட்டில் தந்த தொதல் இனிப்பு, சீப்பு, முகம் துடைக்கும் லேஞ்சி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு பையை மூடி அவள் கையிலேயே கொடுத்தாள்.

"பப்படம் இல்ல. போங்க."

இத்தனை காலம் அடி பழக்கியதில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய ஒரே அடி, விழாமல் போன அந்த அடிதான். அதற்குச் சாட்சியாகக் காட்ட என்னிடம் ஒரு காயமும் இல்லை, ஒரு பப்படமும் இல்லை.